குளியலறைக்கு ஒரு டிரிப்பர்

மின் ஆய்வாளருக்கு அலுவலகத்தில் 'அதாவது' என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் அவர் பதில் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். மழை வருமா என்று கேட்டால்கூட, "அதாவது, மேகம் இருக்கு. ஆனா காத்து அடிச்சா கலைஞ்சுடும்" என்பார். கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாக, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கும் அதையே சொல்லி ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாள் இன்றைக்கும் விடுவதில்லை. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, "அதாவதுன்னு ஆரம்பிச்சீங்கன்னா தட்டை எடுத்துடுவேன்" என்பாள்.

பியூஸ் போடும் ஊழியராக வேலைக்குச் சேர்ந்து, பரீட்சை எழுதி, ஆய்வாளர் நாற்காலிக்கு வந்தவர் அவர். புதுக் கட்டடங்களைச் சோதித்துச் சான்றிதழ் தருவது ஒரு வேலை. மின்சாரம் தாக்கி யாராவது இறந்தால் போய்ப் பார்த்துக் காரணம் எழுதுவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையில் அவர் அதிகம் போய் நின்ற இடம் குளியலறை. கசிகிற கீசர், ஈரத் தரை, வெறுங்கால். வெளியே யாராவது கதவைத் தட்டிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருப்பார்கள். பல இடங்களில் அந்தக் கட்டடத்துக்கான சான்றிதழில் இவர் கையெழுத்தே இருக்கும். அதில் தவறு கண்டுபிடிக்கவும் முடியாது. பியூஸும் எர்த் கம்பியும் இருந்தால் போதும் என்பது பழைய விதி. பியூஸ், கம்பியைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. எர்த் கம்பி எங்கோ ஒரு திருகு தளர்ந்தால் இருந்தும் இல்லாததுதான்.

டிரிப்பர் என்று கடைகளில் சொல்லும் சின்னப் பெட்டியை மாட்டினால், மின்சாரம் கசிந்து உடம்பு வழியாகத் தரைக்கு ஓடத் தொடங்கியதுமே இணைப்பு பட்டென்று அறுந்துவிடும். குளியலறை இணைப்புக்கு அது கட்டாயம் என்று புதிய விதித்தொகுப்பில் ஒரு பிரிவு உண்டு. அந்தத் தொகுப்பு கமிட்டியில் கிடந்தது. வீட்டு விலை ஏறும் என்று கட்டுமானக்காரர்கள் சொன்னார்கள். ஆட்களுக்குப் பயிற்சி இல்லை என்று வயர்மேன்கள் சங்கம் சொன்னது. சட்டத் துறை மொழிபெயர்ப்பைத் திருப்பி அனுப்பியது. எல்லாம் ஒருவழியாகத் தீர்ந்த சமயத்தில், விதிகளை எடுத்த மூல நூலுக்கே அடுத்த பதிப்பு வந்துவிட்டது, அதைப் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று ஒருவர் சொல்ல, மறுபடி முதலிலிருந்து. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னால் சண்டையாவது போடலாம்.

ஒரு முறை பொறுக்க மாட்டாமல், ஒரு கட்டடத்துக்கு டிரிப்பர் இருந்தால்தான் சான்றிதழ் என்று எழுதிவிட்டார். மறுநாளே மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"விதியில இருக்காய்யா?"

"அதாவது சார், புது விதியில..."

"புது விதி பொறந்துச்சா? விதியில இல்லாததைக் கேட்டா என்ன சொல்லுவாங்க தெரியுமா? ஏதோ எதிர்பாக்கறான்னு சொல்லுவாங்க. உன்னைப் பத்தி அப்படிப் பேச விடலாமா நான்?"

கை சுத்தமான மனிதர். அந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை. எழுதியதை அடித்துவிட்டுச் சான்றிதழைக் கொடுத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் மகளும் மருமகனும் ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கினார்கள். மகளுக்கு ஏழாம் மாதம். அந்தக் கட்டடம் இவர் எல்லைக்குள் வந்தது. சொந்த மகள் குடிபோகும் இடம், வேறு ஆள் பார்க்கட்டும் என்று கேட்டுப் பார்த்தார். பக்கத்துப் பிரிவில் ஆய்வாளர் இடமே காலி. வயரிங் முடிந்து சான்றிதழுக்குக் காத்திருந்தது கட்டடம். அதே வாரத்தில் கமிட்டியின் கடைசிக் கூட்டம். விளக்கம் கேட்க இவரையும் அழைத்திருந்தார்கள். அன்று தொகுப்பு நிறைவேறினால், சான்றிதழ் வாங்காத கட்டடம் எல்லாம் புதிய விதிக்குள் வந்துவிடும். மகள் வீட்டோடு சேர்த்து அங்கே இருக்கிற எல்லாக் குளியலறைக்கும் டிரிப்பர் மாட்டியே ஆக வேண்டும்.

"வாயைத் தொறக்காம உக்காந்துட்டு வாங்க" என்றாள் மனைவி, சட்டையை எடுத்துக் கொடுத்தபடி. "கேட்டதுக்கு மட்டும் பதில்."

கூட்டத்துக்கு இணைச் செயலாளர் அம்மையார் தலைமை. கெட்டிக்காரர், சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்திருந்தார். பிரிவு பிரிவாக வாசித்தார்கள், எல்லாரும் தலையாட்டினார்கள். குளியலறைப் பிரிவு வந்தது. கட்டுமானச் சங்கத் தலைவர் எப்போதும் சிரித்த முகம். சிரித்துக்கொண்டே ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

"எங்களுக்கு ஆட்சேபணையே இல்லைங்க. நம்ம ஆய்வாளர் அனுபவசாலி. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். இதை மாட்டிட்டா ஆபத்தே இல்லையா சார்?"

ஆபத்தில்லை என்று ஒரு வார்த்தை. அவர் மகளுக்காக, கதவைத் தட்டித் தொண்டை கட்டியவர்களுக்காக, ஒரே ஒரு வார்த்தை. அறையே அவர் வாயைப் பார்த்தது.

"அதாவது... ஒரு கையில லைன் கம்பியையும் இன்னொரு கையில நியூட்ரல் கம்பியையும் பிடிச்சா, அது கசிவுன்னு பெட்டிக்குத் தெரியாது. அப்போ காப்பாத்தாது. ஆனா அப்படி நடக்கறது ரொம்ப அபூர்வம். குளியலறையில நடக்கற சாவுல பெரும்பாலும்..."

"காப்பாத்தாதா?" என்றார் தலைவர். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. "நிபுணரே சொல்றாரு, காப்பாத்தாதுன்னு. இதைக் கட்டாயம்னு சொல்லி ஜனங்க தலையில கட்டலாமாங்க? ஒரு ஆய்வு நடத்திட்டுச் செய்யலாமே."

"அதைச் சொல்லலைங்க நான்..."

அவர் மிச்சத்தைச் சொல்லி முடிப்பதற்குள் குறிப்பு எழுதுபவர் எழுதி முடித்துவிட்டார். ஒரு பிரிவு நின்றால் மொத்தத் தொகுப்பும் நிற்கும், அது கமிட்டியின் வழக்கம். ஆய்வுக்குப் போனது.

வராந்தாவில் அம்மையாரைத் துரத்திப் பிடித்தார்.

"மேடம், என் பேச்சைப் பாதியில வெட்டிட்டாங்க. நீங்க நினைச்சா..."

"எனக்குத் தெரியும் சார். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. அதுதான் தொல்லை." அவர் நின்றார். "நான் இன்னிக்குக் கையெழுத்துப் போட்டா, வீட்டு விலை ஏறினதுக்கு என் பேர் பேப்பர்ல வரும். நிபுணரே வேண்டாம்னு சொன்னதை மீறிட்டாங்கன்னும் வரும். போடாம விட்டா சாகப்போறவங்க யாருன்னு யாருக்காவது தெரியுமா? அவங்களுக்கே தெரியாது. அவங்க வந்து என் வாசல்ல நிக்க மாட்டாங்க சார். இந்தச் சங்கத் தலைவர் தினமும் நிப்பாரு."

மகளின் கட்டடத்தைச் சோதித்தார். பியூஸ் சரி, எர்த் சரி, கம்பியின் பருமன் சரி. குறை தேடித் தேடி ஒரு நாள் முழுக்கப் படியேறி இறங்கினார். வேண்டுமென்றே ஒன்றை எழுத அவருக்கு வரவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மகள் குடிபோன பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு டிரிப்பரை வாங்கிக்கொண்டு போய்த் தன் கையாலேயே மாட்டினார். சொந்த வீட்டில் மாட்டிக்கொள்ள எந்த விதியும் குறுக்கே வராது. கதவு திறந்திருந்தது. எதிர் வீட்டு அம்மாள், தலையில் துண்டு சுற்றிய சிறுமியோடு எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார் மாட்றீங்க? எங்க வீட்லயும் இது இருக்கா?"

"அப்பா" என்றாள் மகள் மெதுவாக. சும்மா இருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

"இல்லம்மா. உங்க வீட்ல இல்ல."

"நீங்கதானே எல்லாம் சரின்னு சர்டிபிகேட் குடுத்தது? அது பொய்யா?"

"பொய் இல்லம்மா. பழைய விதிக்கு அது சரி."

"பழசு புதுசெல்லாம் எனக்குத் தெரியாது சார். நாளைக்கு இவளைக் குளிக்க அனுப்பட்டுமா, வேணாமா?"

"கீசரை அணைச்சு, பிளக்கையும் பிடுங்கிட்டு அனுப்புங்க. சீக்கிரம் ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க."

அந்தச் செய்தி கீழ்த் தளத்துக்குப் போய், மேல் தளத்துக்குப் போய், சாயங்காலத்துக்குள் மாடிப்படியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவரை இழுத்தார்கள். மூன்றாவது வீட்டில் நிற்கும்போது கைபேசி அடித்தது. சங்கத் தலைவர். குரலிலும் அதே சிரிப்பு.

"என்ன சார், நீங்க கையெழுத்துப் போட்ட கட்டடத்தை நீங்களே ஆபத்துன்னு சொல்றீங்களாம்? எழுதிக் குடுங்களேன், பாப்போம்."

ஆபத்து என்று எழுதினால் சான்றிதழ் பொய்யாகிவிடும். இல்லை என்று எழுதினால் இந்த வீடுகளில் சொன்னது பொய்யாகிவிடும். அவருக்குத் தெரிந்தவரை இரண்டுமே உண்மை.

"எழுத என்கிட்ட விதி இல்லைங்க" என்றார்.

"அப்போ சொல்லவும் கூடாது சார். நாளைக்கு உங்க மேலதிகாரியைப் பாக்கறேன்."

பேச்சு அறுந்தது. வீட்டுக்காரர் கீசரைக் காட்டிக்கொண்டு நின்றார். மகள் வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வாங்கப்பா போலாம், போதும்" என்றாள். மாடியிலிருந்து யாரோ ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "சார், எங்க வீட்டுக்கு வரலையா? எங்களுக்கும் சின்னக் குழந்தை இருக்குங்க."

அவர் ஒரு கணம் மகளைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறினார்.