கூட்டினால் எட்டு

எனக்கு வேலை கிடைத்த செய்தி வந்தபோது வீட்டில் யாரும் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பஸ்ஸில் எப்படி ஏறுவாள் என்றுதான் கேட்டார்கள். வேலை அரூர் தாலுகா அலுவலகத்தில். வீடு பொம்மிடியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால். குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் என் இடது கால் இடுப்பிலிருந்து பாதம் வரை இரும்புப் பட்டைக்குள் இருந்தது. முழங்கால் மடங்காது. அக்குளில் ஒரு கட்டை. எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கம் ஓடிய பஸ்களின் முதல் படி ஆளை மலையேறச் சொல்லும். நான் கட்டையை ஊன்றிக் காலைத் தூக்குவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார்.

அரூரிலேயே அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறேன் என்றேன். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கார் யோசனை அண்ணனுடையது. அவன் பொம்மிடியில் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். அரூரில் இருக்கும் சின்னக் கடைகளுக்கு டயரும் டியூபும் பஸ்ஸில் போட்டுத்தான் கொண்டுபோவான். அப்போது புதிதாக வந்திருந்த அந்தச் சின்னக் காரின் பின்பக்கம் முழுக்கதவாக மேலே திறக்கும். பின் சீட்டை மடக்கினால் டயர்கள் போகும், என் கட்டை போகும், அவன் ஓட்ட, முன் சீட்டில் நான் போவேன் என்று கணக்குப் போட்டான். பழைய பெரிய கார் சல்லிசாகக் கிடைத்தது. ஆனால் அது குடிக்கிற பெட்ரோலுக்கு என் சம்பளம் காணாது. புதுச் சின்னக் காருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே அதிகம் ஓடாத பழசு ஒன்றைத் தேடுவது என்று முடிவானது.

பணம் அப்பா சாகும் முன் என் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்தது. எனக்குக் கல்யாணம் நடக்காது என்று என்னைக் கேட்காமலே எல்லோரும் முடிவுசெய்திருந்ததால், அது காராக மாறுவதில் யாருக்கும் வருத்தமில்லை. எனக்கும் இல்லை. மாதம் முடிவதற்குள் வேலையில் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்பது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கார் பார்க்க அண்ணனோடு மாமாவும் கிளம்பினார். மாமா அம்மாவின் தம்பி. சந்தை சந்தையாகப் போய் மாடு தரகு செய்பவர். சிறு வயதில் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவரும் அவர்தான். அந்த உரிமையில் என் சம்பந்தப்பட்ட எதிலும் கடைசி வார்த்தை அவருடையது. கொம்பையும் பல்லையும் சுழியையும் பார்த்தே பழகிய மனிதருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. அம்மா முறைத்தாள்.

முதல் கார் சேலத்தில், ஒரு புரோக்கரிடம். இருவரும் சாயங்காலம் முகம் தொங்கித் திரும்பினார்கள்.

"புதுசு விக்கிற விலைய விட இது கூடவாம்" என்றான் அண்ணன்.

"பழசு எப்படிப் புதுசை விடக் கூட இருக்கும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். புதுசுக்குக் காத்துக் கெடக்கணும், இது இன்னிக்கே கெடைக்குதில்லீங்களா, அந்தக் காத்திருப்புக்குத்தான் காசுங்கறான்."

எரிச்சலாக இருந்தாலும் புரோக்கர் சொன்னதில் நியாயம் இருப்பது போலவும் பட்டது. "சரி, உள்ளே உக்காந்து பாத்தீங்களா, சீட்டு எவ்வளவு பின்னால் நகருது, காலை நீட்ட இடம் இருக்கா?" என்று கேட்டேன். அண்ணன் மாமாவைப் பார்த்தான்.

"டயரைத் தட்டிப் பாத்தேன் பாப்பா. நல்லா இருந்துச்சு" என்றார் மாமா.

ஒரு நாள் முழுக்கச் செலவழித்து டயரைத் தட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் கட்டையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். அடுத்த தடவை நானும் வருவேன் என்றேன்.

அடுத்தது தர்மபுரியில், ஒரு காண்ட்ராக்டர் வீட்டில். வாடகைக் காரில் போனோம். கார் வாங்கக் கார் வாடகை. வண்டி பளபளவென்று நின்றது. மாமா கிட்டே போய் முகர்ந்து பார்த்தார். "கொம்பைச் சீவி எண்ணெய் தடவிக் கூட்டியாந்த மாடு மாதிரி இருக்குது" என்று என் காதில் சொன்னார். அன்று மட்டும் அவர் பேச்சு எனக்குப் பிடித்தது. நான் உட்காரப்போகும் பக்கத்துக் கதவு சாத்தவில்லை. "ஓங்கிச் சாத்தணுமுங்க, பொம்பளப் புள்ள பயந்துக்கிட்டுச் சாத்துது" என்றார் காண்ட்ராக்டர். ஓங்கிச் சாத்தினேன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி கழன்று என் மடியில் விழுந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

இப்படியே இன்னும் இரண்டு. ஒருவர் விலை பேசிவிட்டு, வீட்டில் மனைவிக்கு மனசில்லை என்றார். இன்னொரு வண்டி வெள்ளிக்கிழமை ரெடியாக இருந்தது, ஆனால் லட்சுமியை வெள்ளிக்கிழமை வெளியே அனுப்ப மாட்டேன் என்றார் அதன் சொந்தக்காரர். சனிக்கிழமை வாங்க மாட்டோம் என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமை போனபோது வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மாதம் கரைந்துகொண்டே வந்தது. எனக்கு இரவில் தூக்கம் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் கடத்தூரில் அந்த டாக்டர் வீட்டு வண்டி. அவர் கிறிஸ்தவர், மகனோடு இருக்க வடக்கே போவதால் விற்கிறார். வெள்ளை நிறம். வண்டி அதிகம் ஓடவில்லை. சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. டாக்டர் நேராக என்னிடம் வந்து கதவைத் திறந்துவிட்டு, "ஏறி உக்காருங்கம்மா" என்றார். இத்தனை நாளில் என்னைப் பார்த்து அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். உட்கார்ந்தேன். சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தூக்கிப் பின்னால் தள்ளினேன். என் கால் பட்டையோடு நேராக நீண்டது. எங்கும் இடிக்கவில்லை. பிறர் கை படாமல் ஒரு வண்டியில் நான் ஏறி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் விலையைச் சொன்னார். எங்கள் பணத்துக்கு உள்ளேயே இருந்தது. அண்ணன் நம்பாமல் திரும்பக் கேட்டான்.

"வர்றவங்க எல்லாரும் வண்டி நல்லா இருக்குதுங்கறாங்க. அப்புறம் பின்னாடி போயி நம்பரைக் கூட்டிப் பாக்கறாங்க. டீயைக் குடிச்சுட்டுக் கெளம்பிடறாங்க" என்றார் டாக்டர். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாமா அதற்குள் பின்னால் போயிருந்தார். அவர் உதடு அசைவது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. ரெண்டு, ஆறு, ஆறு, மூணு. திரும்பி வந்து, "யோசிச்சுச் சொல்றமுங்க" என்றார். டாக்டர் டீ கொண்டுவரச் சொன்னார்.

வாடகைக் காரில் திரும்பும்போது நான் அடக்க முடியாமல் கேட்டேன்.

"நம்பர்ல என்ன மாமா இருக்கு?"

"பதினேழு வருது பாப்பா. ஒண்ணும் ஏழும் எட்டு. சனீசுவரன் நம்பரு. தெரிஞ்சே போயி வாங்குவாங்களா?"

"நான் பிறந்ததும் பதினேழாம் தேதிதானே மாமா."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். மனிதர் என்னை நோகடிக்க நினைக்கவில்லை. மாட்டுச் சந்தையில் விலை சொல்வது போல இயல்பாகத்தான் சொன்னார்.

"அதனாலதான் சொல்றேன். வூட்ல ஒரு எட்டு போதும்."

இத்தனை ஆண்டுகள் என்னைத் தோளில் சுமந்தவர் இதையும் சேர்த்தேதான் சுமந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். நான் நோயாளி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு நான் ஒரு நம்பர்.

அன்று இரவு அண்ணனைக் கூப்பிட்டு, அது என் பணம், எனக்கு அந்த வண்டிதான் வேண்டும் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "மாமா மனசைச் சரிக்கட்டிட்டுத் திங்கக்கெழமை போறேன்" என்றான். மாமாவைச் சரிக்கட்டினானோ இல்லையோ, திங்கட்கிழமை போனான். அரூர்ப் பக்கம் புளி மண்டி வைத்திருக்கும் ஒரு பாய் ஞாயிற்றுக்கிழமையே வந்து பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பணத்தைக் கட்டி ஓட்டிக்கொண்டு போயிருந்தார். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன்.

மாதக் கடைசியில் பஸ்ஸிலேயே வேலைக்குப் போனேன். முதல் நாள் மாமா விடிகாலையிலேயே ஊரிலிருந்து வந்துவிட்டார். பஸ் வந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "புள்ள ஏறுற வரைக்கும் விசில் குடுக்காதீங்க" என்று கண்டக்டரிடம் சண்டைக்கு நின்றார். நான் பஸ்ஸின் முன்னால் கட்டையை ஊன்றிக் காத்திருந்தேன். கண்ணுக்கு நேரே நம்பர் பலகை. ஐந்து, மூன்று, ஏழு, இரண்டு. பழக்கதோஷத்தில் கூட்டினேன். பதினேழு.

மாமாவும் அதற்கு நேராகத்தான் நின்றிருந்தார். அவர் கண் என் காலின் மேலேயே இருந்தது. என்னைச் சிறு பிள்ளை போலத் தூக்கிப் படியில் வைத்து, ஓர் ஆளை எழுப்பி, டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார வைத்தார். வேர்த்துப்போய்க் கீழே இறங்கி, சன்னல் பக்கம் வந்தார்.

"சீட்டும் கெடைச்சுடுச்சு பாரு. தெனமும் இந்த வண்டியையே புடிச்சுக்க பாப்பா. ராசியான வண்டி" என்றார்.

"சரிங்க மாமா" என்றேன்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். எட்டும் எட்டும் அரூருக்குப் புறப்பட்டோம்.