மீசையும் ஐந்து வளையமும்

ஆலையில் அவருக்குப் பெயரே மீசைக்காரர்தான். நீராவிக் குழாய்களின் வால்வுகளில் பேக்கிங் கயிறு சுற்றி ஒழுக்கு அடைப்பது வேலை. வாயும் சும்மா இருக்காது. "நான் பேக்கிங் போட்ட வால்வு ஒழுகினா இந்த மீசைய எடுத்துடறேன்!" என்று இருபத்திரண்டு வருடமாகச் சவால் விட்டுக்கொண்டிருந்தார். மீசையும் லேசுப்பட்டதல்ல, காதைத் தொட்டுவிட்டுத்தான் நிற்கும்.

நேற்று அவர் பேக்கிங் போட்ட பெரிய வால்வு, இன்று காலை நீராவி விட்டதும் உஸ்ஸென்று சீறியது. ஆலையே திரண்டு வந்துவிட்டது. கேண்டீன்காரர் கையில் கத்திரிக்கோல். குசும்பைப் பாருங்கள்!

மீசைக்காரர் நீராவியை அடைத்து, குழாய் ஆறும்வரை காத்திருந்து, வால்வின் கழுத்தைத் திறந்தார். உள்ளே வால்வைத் திறந்து மூடும் தண்டைச் சுற்றி ஐந்து வளையமாகப் பேக்கிங் கயிறு. ஒவ்வொரு வளையத்தின் வெட்டும், அதாவது கயிற்றின் இரு முனையும் சேரும் இடம், முந்தினதற்குத் தள்ளி வரவேண்டும். அதைப் படித்துப் படித்துச் சொல்பவரே அவர்தான். இங்கே ஐந்து வெட்டும் ஒரே கோட்டில், நீராவிக்கு வாசலைத் திறந்துவிட்டாற்போல! நேற்று வளையம் போடும்போதுதான் மனைவி போன் செய்தாள், மகளுக்குப் பெண் குழந்தை என்று. தாத்தா ஆன குஷியில் தலைகால் புரியாமல் போட்டிருக்கிறார்.

தள்ளி நின்ற சூப்பர்வைசரே தப்பிக்க வழி விட்டார். "கயிறு மட்ட சரக்கா இருக்கும்ண்ணே, விடுங்க."

'ஆமாம்' என்றால் மீசை தப்பித்தது. கயிறு என்ன, சாட்சி சொல்லவா போகிறது?

"கயிறு மேல பழி போடாதீங்க தம்பி. தப்பு என்னுது" என்று ஐந்து வெட்டையும் தொட்டுக் காட்டினார். புது வளையங்களைத் தள்ளித் தள்ளி வைத்து, கழுத்தை இறுக்கும் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி முறுக்கி, நீராவி விட்டார். துளி ஒழுகவில்லை. பிறகு கேண்டீன்காரரிடம் கையை நீட்டினார். "கத்திரிய குடுய்யா."

சாயங்காலம் ஆஸ்பத்திரி அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாருங்க வேணும்?" என்றாள் மனைவி.

"ஐயோ அப்பா, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது!" என்றாள் மகள்.

நேற்று மீசை குத்தி வீறிட்ட பேத்தி, இன்று முத்தம் வாங்கிக்கொண்டு கொட்டாவி விட்டாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு மீசை என்ன, ஒன்பது மீசை போகட்டும் என்றிருந்தது.

"கல்யாணமானதுலேர்ந்து நானும் எடுங்க எடுங்கன்னு சொன்னேன், காதுல ஏறல" என்றாள் மனைவி. "ஒரு வால்வு சொன்னதும் எடுத்துட்டீங்களே!"