ஊமைக் கட்டை

வல்லத்திராக்கோட்டையில் ஜாக்கெட் தைக்கும் செவந்திக்கு சரிகமபதநி என்று வரிசையாகச் சொல்லக்கூடத் தெரியாது. ஆனால் பெருமாள் கோயிலில் சனிக்கிழமை சாயங்காலம் பெரியண்ணன் பாடும் அத்தனை பஜனைப் பாட்டையும் கீபோர்டில் வாசிப்பாள். தெருமுனை ஒலிபெருக்கி அலறும். இவள் வீட்டுக்குள் உட்கார்ந்து, தடவித் தடவி அவர் பின்னாலேயே போவாள். அப்படிப் போய்ப் போய்த்தான் கற்றுக்கொண்டாள்.

பெரியண்ணன் ரிட்டயர்டு கண்டக்டர். அவர் எடுக்கிற சுருதி மட்டும் என்றைக்கும் ஒன்றுதான். மற்றபடி எந்த வரியை இழுப்பார், எதைத் திருப்பிப் பாடுவார், எங்கே சொந்தச் சரக்கை நுழைப்பார் என்பது அவருக்கே தெரியாது. அதனாலேயே ஆர்மோனியக்காரர்கள் யாரும் அவரிடம் நிலைத்ததில்லை. செவந்திக்கு அது பழகிவிட்டது. அவர் வளைந்தால் இவளும் வளைவாள். அவர் மூச்சு வாங்க நின்றால், அந்த இடைவெளியில் தன் இஷ்டத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றி வந்து காத்திருப்பாள்.

அந்தக் கீபோர்டு, கணவன் ரத்தினவேல் துபாயிலிருந்து மகள் ஹரிணிக்காகக் கொண்டுவந்தது. ஹரிணி ஒரு வாரம் தட்டிப் பார்த்துவிட்டு மறந்துபோனாள். வந்த வழியிலேயே நடுக்கட்டை ஒன்று ஊமையாகியிருந்தது. அமுக்கினால் டக்கென்று பிளாஸ்டிக் சத்தம்தான் வரும். செவந்தி அதற்காக அலட்டிக்கொள்ளவில்லை. பாட்டு அங்கே வந்தால் பக்கத்துக் கட்டைகளில் ஓடி ஒப்பேற்றிவிடுவாள்.

புரட்டாசி பிறந்த நேரம் பார்த்துக் கோயில் ஆர்மோனியக்காரர் கழன்றுகொண்டார். செவந்தி தானே பெரியண்ணனிடம் போய், நான் வாசிக்கட்டுமா என்று கேட்டாள். ஜாக்கெட்டுக்கு நாள் சொல்வதைத் தவிர யாரிடமும் அதிகம் பேசாதவள். அந்த இடத்தில் உட்கார அவளுக்கு அவ்வளவு ஆசை.

முதல் சனிக்கிழமை. ஆர்மோனியத்தில் எல்லாக் கட்டையும் பேசியது. விரலுக்குத்தான் அது உறைக்கவில்லை. அந்த இடம் வந்ததும் பழையபடி தாவியது. பாட்டு முடிந்ததும் பெரியண்ணன் திரும்பினார்.

"ஏம்மா, அந்த எடத்துல என்ன பள்ளமா கெடக்கு? தாண்டித் தாண்டிப் போறீங்க?"

"வீட்டுல இருக்கறதுல அந்தக் கட்டை பேசாதுங்க."

"எனக்கு அது பேசணுமே. அடுத்த வாரமும் இப்படின்னா புதுக்கோட்டையில வேற ஆளுக்குச் சொல்லிருவேன், வருத்தப்படாதீங்க. இன்னொண்ணு. நான் பாடி முடிச்சப்பறம் எல்லாரும் பாடுங்க. நடுவுல மட்டும் யாரும் வாயத் தெறக்கப்படாது. முன்னாடி இருந்தவரு முனகியே என் உசுர வாங்கிட்டாரு."

செவந்தி வருத்தப்படத்தான் செய்தாள். ஆர்மோனியம் கோயிலில் பூட்டிக் கிடந்தது. வீட்டில் ஊமைக் கட்டையை எத்தனை தடவை அமுக்கினாலும், விரல் சரியான நேரத்தில் போனதா என்று காதுக்குத் தெரியவில்லை. கடைசியில், அமுக்கும்போதெல்லாம் அந்தச் சத்தத்தைத் தன் தொண்டையிலிருந்தே கொடுத்தாள். தைக்கக் கொடுத்த துணி குவிந்து கிடந்தது. வாரம் முழுக்க அதே வேலையாக இருந்தாள்.

மறு சனிக்கிழமை அந்த இடம் வந்தது. விரல் தாவவில்லை. கட்டை பேசியது. கூடவே, பழகின பழக்கத்தில், செவந்தியின் தொண்டையும் பேசிவிட்டது. மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஊருக்கே கேட்டது.

பெரியண்ணன் சட்டென்று நிறுத்தினார். துளசி மாலையோடு நின்ற பெண்களெல்லாம் இவளைப் பார்த்தார்கள். செவந்திக்குக் காது சுட்டது. போச்சு, இனி இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டாள். கை மட்டும் ஆர்மோனியத்துக்குக் காற்றடித்துக்கொண்டே இருந்தது.

பெரியண்ணன் அதே வரியை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். அந்த இடத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

செவந்தி பாடினாள்.