தனுஜா டீச்சரும் இழுக்க முடியாத தேரும்

தனுஜாவுக்கு மினுக்கு என்றால் உயிர். பண்டாரவளைக் கடைத்தெருவில் கண்ணாடிச் சில்லு பதித்த சேலை ஒன்று தொங்கினால் போதும், அதைத் தடவிப் பார்க்காமல் அவளால் பஸ்ஸுக்குப் போக முடியாது. கைபேசி உறையில் முத்துகள், கைப்பையில் குஞ்சம், பேனா மூடியில் பச்சைக் கல் பதித்த சின்ன மயில். பனி இறங்கி எதிரில் வருகிற ஆள் தெரியாத காலையிலும் டீச்சர் வருவது தெரியும் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் மினுக்கோடுதான் வருவாள்.

அவள் பிறந்தது கொஸ்லந்தைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றில். படித்து ஆசிரியை ஆகி, அப்புத்தளைக்கு மேலே சங்குமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கணினி படிப்பிக்க வந்தவள். அங்கே கணினி அறை என்று ஒன்று உண்டு. அதில் பாதிக் கணினிகள் வேலை செய்யும். மீதியைத் துணி போர்த்தி, பார்க்க மரியாதையாக வைத்திருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் அடுத்த வருடத்துக்கு ஒரு பாடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். விவசாயமா, மனைப்பொருளியலா, கணினியா என்று பெற்றோர்தான் வந்து கையெழுத்துப் போடுவார்கள். போன தடவை கணினிக்கு விழுந்த கையெழுத்துகளை ஒரு கை விரலில் எண்ணி விடலாம். அதிபர் சிவசுப்பிரமணியம் யாழ்ப்பாணத்துக்காரர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். ஒருநாள் தனுஜாவைக் கூப்பிட்டுச் சொல்லியே விட்டார்.

"பிள்ளை, இந்த முறையும் உப்பிடித்தான் எண்டால் பாடத்தை நிப்பாட்டிப் போடுவினம். உம்மையும் வேற எங்கையாவது மாத்திப் போடுவினம். பெற்றார் கூட்டத்துக்கு முதல் ஏதும் செய்யும்."

என்ன செய்வது என்று தனுஜாவுக்குத் தெரியாது. ஆனால் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும். தோட்டத்து மேல் டிவிசன் பாக்கியலெட்சுமி. கொழுந்து பறிப்பதிலும் சரி, வாய் பேசுவதிலும் சரி, அவளை முந்த அந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. அவள் ஒரு பக்கம் சாய்ந்தால் முழு லயமும் அந்தப் பக்கம் சாயும். அவளுடைய மகள் துஷாந்தினி ஒன்பதாம் வகுப்பு. கணினி அறை ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளை. தாய்க்காரியோ பிடி கொடுக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர்," என்றாள் பாக்கியலெட்சுமி, பள்ளிக்கூட வாசலில் வைத்து. "வெவசாயம் எடுத்தா மார்க்காச்சும் வரும். அந்தப் பொட்டியத் தட்டி எம்புள்ள என்னா செய்யப் போறா? இத்தன வருசமா படிச்சதுங்க என்னா செஞ்சிருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க பாப்போம்."

"காட்டுறேன்க்கா. நீங்க போன்லயே பாக்கிற மாதிரி காட்டுறேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள் தனுஜா. வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி எப்படிக் காட்டுவது என்று யோசிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் செயற்றிட்டங்களை இணையத்தில் போடுவது என்று முடிவாயிற்று. எதை வைத்துக் கட்டுவது? மூன்று வழிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சித்துப் பார்த்தாள். மூன்றுக்கும் பட்டப்பெயர் வைத்தவன் றில்வான், ரோட்டு வளைவில் இருக்கிற வளைவுக்கடை முதலாளியின் மகன்.

முதலாவது, பக்கத்துக்கான கணினிக் குறியீடு எல்லாவற்றையும் கையால் எழுதிக் கட்டுவது. ஒரு புள்ளி தவறினாலும் பக்கம் மொத்தமும் குலைந்துவிடும். அதற்கு 'கொத்து வேலை' என்று பெயர் வைத்தான். ஒரு தலைப்பைக் கட்டி முடிக்கவே இரண்டு பாடவேளை போனதால் அதைக் கைகழுவினார்கள். இரண்டாவது, சாதாரண வலைப்பூ. மேலே தலைப்பு, நடுவில் எழுத்து, ஒரு படம், கீழே வாசிக்கிறவர்கள் கருத்து எழுத ஒரு கட்டம். எல்லாருடைய பக்கமும் ஒரே அச்சில் இருக்கும். லயத்தில் அடுத்தடுத்து இருக்கிற வீடுகளைப் போல இருந்ததால் அது 'காம்பரா' ஆயிற்று. மூன்றாவது, இழுத்து இழுத்துப் போட்டால் பக்கம் தானாகவே எழும்புகிற வகை. எழுத்து பறந்து வந்து உட்காரும், படங்கள் சுழலும், பின்னணியில் மேகம் ஓடும். அது 'தேர்'.

தனுஜாவின் கண் எதில் போய் ஒட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "எது நல்லாருக்கு, நீங்களே சொல்லுங்க," என்று பிள்ளைகளிடம் கேட்பது மாதிரிக் கேட்டாள். டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரியாத பிள்ளைகளா அவர்கள்? "தேரு!" என்று வகுப்பே கத்தியது.

அதற்குப் பிறகு கணினி அறை திருவிழாக் கோலம்தான். தோட்டத்தில் எந்தப் பாறையில் ஏறினால், எந்த வளைவில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்று றில்வான் ஒரு வரைபடம் போட்டான். சதீஸ்குமார் மலைப் பெயர்களை எடுத்துக்கொண்டான். ஆபீஸுக்குத் தேயிலை மலைகள் எல்லாம் வெறும் இலக்கங்கள். பறிக்கிற பெண்களுக்கோ ஊத்து மலை, கோணக்கல்லு மலை, பொம்மக்கா மலை. எதற்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேட்டும், கேட்க முடியாத இடத்தில் தானாக யோசித்தும் எழுதினான். மலைப் பெயர் ஒவ்வொன்றும் வானத்திலிருந்து பறந்து வந்து அதனதன் இடத்தில் உட்காரும்படி தனுஜாவே பக்கத்தில் இருந்து செய்து கொடுத்தாள். அதிபர் வந்து பார்த்துக் கைதட்டினார்.

பக்கத்தின் இணைப்பைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அரைமணி நேரத்துக்குள் பெருவிரல்கள் வரிசையாக எழும்பின. 'நல்லாருக்கு டீச்சர்', 'சூப்பர்', 'கடவுள் துணை' என்று பதில்கள். தனுஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வழியில் கண்ட ஒரு பிள்ளையின் தாய் விஜயலெட்சுமியிடம் ஆசையாகக் கேட்டாள்: "அக்கா, எந்த மலையப் படிச்சீங்க?"

"மலையா? என்னா மலைங்க டீச்சர்?"

"பெருவிரல் போட்டீங்களே!"

"டீச்சர் ஒண்ணு அனுப்பியிருக்கீங்க, போடாம இருந்தா நல்லாவா இருக்கும்? தொறக்கத்தான் மாட்டேங்குது."

விசாரித்தால் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். பெருவிரல் அத்தனையும் மரியாதைக்குப் போட்டது. ஒருவரும் ஒரு எழுத்தைக்கூடப் பார்க்கவில்லை. லயத்துக் கைபேசிகளில் இருப்பது வாட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் மட்டும் வேலை செய்கிற மலிவு டேட்டா கார்ட். வெளியே இருக்கிற பக்கம் எதுவும் அதில் திறக்காது. தனுஜாவுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. கொஸ்லந்தையில் இருக்கிற தன் அம்மாவுக்கு மாதா மாதம் இதே கார்டைப் போட்டு விடுபவளே அவள்தான். பள்ளிக்கூடத்து இணைப்பில் மினுமினுப்பைப் பார்த்த சந்தோஷத்தில் அம்மாவின் போனை மறந்து போனாளே!

அழுதுகொண்டு உட்காருகிற ரகம் இல்லை தனுஜா. கொழுந்து நிறுக்கிற மடுவம் போன் கோபுரத்துக்கு நேர் எதிரே இருந்தது, அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று றில்வானின் வரைபடமே சொன்னது. சாயந்தரம் பெண்கள் எல்லாரும் கூடுகிற இடமும் அதுதான். மடுவத்துக்குப் பொறுப்பான மாரிசாமி கங்காணியிடம் போய்க் கேட்டாள். "நிறுத்து முடிஞ்சப்புறம் என்னமோ பண்ணிக்கங்க டீச்சர்," என்றார் அவர். அன்று சாயந்தரமே தன் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டு, எல்லாருடைய போனையும் அதில் சேர்த்துவிட்டாள்.

தேர் கிளம்பவில்லை. அத்தனை போனையும் ஒரே போன் தாங்க வேண்டும், அதற்குமேல் மேகமும் ஓட வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? எல்லாத் திரையிலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னா டீச்சர், ராட்டினம் காட்டுறீங்களா?" என்று யாரோ கேட்க, மடுவமே சிரித்தது. பாக்கியலெட்சுமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தேரு வந்து சேர்றதுக்குள்ள சோறு ஆக்கிட்டு வந்துரலாம்," என்று சொல்லிவிட்டு அவள் நடக்க, மற்றவர்களும் பின்னால் போனார்கள். தனுஜாவுக்கு வெட்கமாக இருந்தது. கூட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

மறுநாள் காலை வகுப்பில் அவள் சொன்ன முதல் வார்த்தை: "எல்லாத்தையும் காம்பராவுக்கு மாத்துவோம்."

சதீஸ்குமார் எழுந்து நின்றான். "பேரெல்லாம் பறந்து வந்து உக்காருமே டீச்சர்?"

"எனக்கும் மனசு கேக்கலடா. ஆனா பறக்கிறதப் பாக்க ஒரு ஆள் வேணாமா?"

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. படங்களை எல்லாம் சுருக்கினார்கள். மேகத்தைக் கழற்றினார்கள். சோதித்துப் பார்க்கக் கணினி அறைக்கே போகவில்லை. வளைவுக்கடையில் றில்வானின் வாப்பா வைத்திருந்த, கண்ணாடி வெடித்த பழைய போனில்தான் சோதித்தார்கள். அதில் திறந்தால்தான் பாஸ். அதிபர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"என்ன பிள்ளை, இதில ஒண்டும் அசையேல்லையே?"

"அசையாது சேர். ஆனா தொறக்கும்."

திறந்தது. கூட்டத்துக்கு முதல் நாள் சாயந்தரம் மடுவத்தில், தனுஜாவின் அதே ஹொட்ஸ்பொட்டில், ஒவ்வொரு போனிலும் பக்கங்கள் டக்கென்று வந்து நின்றன. அப்புறம் ஒரே கலவரம். றில்வானின் வரைபடத்தைப் பார்த்து, "அடியே, இந்தப் பாறைல ஏறினா சிக்னலு வருமாம், நான் இத்தன நாளும் தண்ணிப் பீலிக்கு ஓடினேனே!" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். தன் மகன் எழுதியதைச் சத்தமாக வாசித்து இன்னொருத்தி எல்லாரையும் கேட்க வைத்தாள். மாரிசாமி கங்காணி மூக்குக்கண்ணாடியைத் தேடினார். தனுஜா ஒரு தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"யாரு சொன்னா இத?"

பாக்கியலெட்சுமியின் குரல்.

"பொம்ம மாதிரி ஒரு கல்லு இருக்கதால பொம்மக்கா மலையா? எந்தக் கல்லு? எவன் பாத்தான்? பொம்மக்கா எங்கப்பாவோட அத்தை! அந்த மலைல நின்னு அவ பாட்டெடுத்தா அடுத்த மலைக்காரி கூடய எறக்கி வச்சிட்டுக் கேப்பா. அவளப் போயி கல்லுங்கிறான்! நாளைக்கிப் பள்ளிக்கொடத்துக்கு வாறேன். இத விட மாட்டேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். எதைக் காட்டி அவளை வளைக்கலாம் என்று தனுஜா நினைத்தாளோ, அதிலேயே மாட்டிக்கொண்டாயிற்று.

சொன்னபடி மறுநாள் கூட்டத்துக்குப் பாக்கியலெட்சுமி வந்தாள். தனியாக இல்லை, மேல் டிவிசனையே திரட்டிக்கொண்டு வந்தாள். அதிபர் பாடத்தெரிவு பற்றிப் பேச ஆரம்பித்தவுடன் எழுந்து நின்றாள்.

"சேர், மொதல்ல எங்கப்பாவோட அத்தைய கல்லா ஆக்குனதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"அம்மா, அதைப் பிறகு கதைப்பம்..."

"இல்லீங்க சேர். இப்பவே."

சதீஸ்குமார் மெல்ல முன்னால் வந்தான். "மன்னிச்சிருங்க அத்தை. கேக்க ஆள் கெடைக்கல, நானா எழுதிட்டேன்."

தனுஜாவுக்கு அந்த நேரத்தில் எப்படித் தோன்றியதோ! "அக்கா, வாங்க," என்று பாக்கியலெட்சுமியைக் கையைப் பிடித்துக் கணினி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டம் முழுக்கப் பின்னாலேயே வந்து வாசலிலும் ஜன்னலிலும் நெருக்கியது. ஜன்னலில் நின்ற துஷாந்தினியை உள்ளே கூப்பிட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தாள். "நீங்க சொல்லுங்கக்கா. உங்க மக எழுதட்டும்."

பாக்கியலெட்சுமி சொல்லச் சொல்ல, துஷாந்தினி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். பொம்மக்காவின் குரல் வந்தது, கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டவர்கள் வந்தார்கள். கல் போனது. முடிந்ததும் தனுஜா மடுவத்தில் போட்டது போலவே தன் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுவிட்டு ஒரு இடத்தைக் காட்ட, அங்கே ஒரு தட்டு. "இப்ப உங்க போன்ல பாருங்கக்கா."

பாக்கியலெட்சுமி போனை எடுத்துத் தூரப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் வாசித்தாள். கடைசி வரியில் குரல் தடுக்கியது. அந்த வரியை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை, மகளே எழுதியிருந்தாள்: 'இதைச் சொன்னவர் என் அம்மா பாக்கியலெட்சுமி, மேல் டிவிசன்.'

மறுபடியும் ஒருமுறை அந்த வரியை மட்டும் மனதுக்குள் வாசித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பழைய குரல் திரும்பி வந்தது.

"மத்த மலைங்களும் பாதி தப்பாத்தான் கெடக்கு. நான் சொல்றேன், இவ எழுதட்டும். அடுத்த வருசம் இவளுக்கு இந்தப் படிப்புத்தான். கையெழுத்து எங்க போடணும்?"

அதிபர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார், அது அகப்படவில்லை. தனுஜா தன் மயில் பேனாவை நீட்டினாள். பாக்கியலெட்சுமி போட்டதும் விஜயலெட்சுமி வாங்கிப் போட்டாள், அவளுக்குப் பின்னால் லயமே வரிசை கட்டி நின்றது. பேனா கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள் வரை போய்த் தனுஜாவிடம் திரும்பி வந்தபோது மூடியில் இருந்த மயிலைக் காணவில்லை. அவள் தேடக்கூட இல்லை.