அத்திமரத்தில் கட்டிய நஞ்சுக்கொடி

சோலூரில் பக்கத்து வீட்டுப் பசு மாதம் நிறையாமல் கன்று வீசிவிட்டது. அதைப் புதைக்க அந்த வீட்டார் கையுறை மாட்டிக்கொண்டு குழி வெட்டி, சுண்ணாம்புத் தூள் மூட்டையைப் பிரித்தார்கள். அந்தச் சுண்ணாம்பு நெடி என்னைச் சிறுவயதில் நாங்கள் இருந்த அருவங்காட்டுத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் கொண்டுபோய் விட்டது.

அங்கே எங்கள் மாடும் இப்படித்தான் வீசியது. பால் பெருகும் என்று அம்மா நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அள்ளி, வைக்கோலில் சுற்றி அத்திமரத்தில் கட்டினாள். சில வாரத்தில் அவளுக்கு மாலைதோறும் காய்ச்சல், சேலை நனைய வியர்வை. மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்தக் குளிரில் கொசுவே கிடையாது.

வேறொரு டாக்டர்தான், "ஊட்டுல மாடு கன்னு வீசுச்சுங்களா?" என்று கேட்டார். நஞ்சுக்கொடியை அள்ளிய கை வழியே மாட்டிடமிருந்து தொற்றிய காய்ச்சல் என்றார். மருந்து மாறியது, காய்ச்சல் நின்றது. அப்பா தொழுவமெங்கும் சுண்ணாம்பு தூவினார். அந்த நோய் தாக்கிய அம்மாவின் இடுப்புதான் கடைசிவரை நிமிரவில்லை.

"ஏனுங்க, நஞ்சுக்கொடிய மரத்துல கட்டோணும்னு சொல்லுவாங்களே?" என்றார் பக்கத்து வீட்டம்மா.

"குழிய இன்னும் ஆழமா வெட்டச் சொல்லுங்க" என்றேன்.