சகலை வீட்டு மழைத்தண்ணீர்

கொடைக்கானலுக்கு ஏரி பார்க்கப் போகிறவர்கள் உண்டு, பனி பார்க்கப் போகிறவர்கள் உண்டு. போன ஐப்பசியில் நான் போனது என் சகலை ராஜேந்திரன் வீட்டு மழைத்தண்ணீரில் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட்டு வர. அட்டுவம்பட்டியில் தகரக்கூரை போட்டு வீடு கட்டி, கூரையில் விழுவதையெல்லாம் ஆறாயிரம் லிட்டர் தொட்டியில் பிடிக்கிறான். அந்தத் தண்ணீரில் பருப்பு பூவாக மலர்கிறதாம், தலைமுடி பட்டாகிறதாம். என் வீட்டுக்காரி இரண்டு வருடமாக இதையே பாடுகிறாள். மதுரையில் எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகுமுன் சிலிண்டர் தீர்ந்துவிடும், அது வேறு விஷயம். எனக்குள் ஊறிய பொறாமையை வைகை அணையில் தேக்கியிருந்தால் மூன்றாம் கட்ட வெள்ள எச்சரிக்கை விட்டிருப்பார்கள்.

ஆரப்பாளையத்தில் காலை ஐந்தரைக்குப் பஸ். சுமார் 120 கிலோமீட்டர், நாலு மணி நேரம், ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய்க்குள். அக்காவும் தங்கையும் பேசி முடிவு செய்தபடி, இரண்டு பத்து லிட்டர் காலிக் கேன்கள் என் மடியில். கண்டக்டர் நின்று பார்த்தார்.

"மலைக்குப் போறவங்க ஸ்வெட்டர் கொண்டாருவாங்க. என்ன சார், கேனு?"

"தண்ணி எடுக்கப் போறோம்" என்றாள் வீட்டுக்காரி, பெருமையாக.

"வைகைக் கரையில இருந்துக்கிட்டா?"

மொத்த பஸ்ஸும் திரும்பி என்னைத்தான் பார்த்தது.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து அட்டுவம்பட்டி ஐந்து கிலோமீட்டர் சொச்சம். டாக்ஸிக்கு நானூறு கேட்டார்கள், முந்நூற்றைம்பதுக்கு இறங்கினார்கள். இறங்கிய கையோடு தொட்டியைச் சுற்றி வந்தேன். பாசி இல்லை, கொசு இல்லை. மூடியோ கோட்டைக் கதவு. குழாயடியில் வழிகிற தண்ணீர் பூண்டுப் பாத்திக்கு ஓடியது. அந்த வாய்க்காலில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்த ஒரு காட்டெருமை தலையைத் தூக்கி, உங்கள் வீட்டில் இது உண்டா என்பதுபோல என்னைப் பார்த்து மூச்சுவிட்டது.

மதியம் சகலை கறி வாங்க டவுனுக்குப் போயிருந்தான். மேகம் இறங்கியது. கொழுந்தியாள் மல்லிகா அவசரமாகப் போனை என் கையில் கொடுத்தாள். சகலைதான்.

"அண்ணே, மொதத் தண்ணி கூரை அழுக்கு. அது பாத்திக்கே போகட்டும். டம்ளர்ல பிடிச்சுப் பிடிச்சுப் பாருங்க. நல்லாத் தெளிஞ்சதும் வால்வைத் தொட்டிப் பக்கம் திருப்புங்க. முந்தித் திருப்பிட்டீங்கன்னா அம்புட்டுத் தண்ணியும் வீணு."

கடவுள் இவ்வளவு சுலபமாக வழிவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு திருப்பு. தூசி, தைல மரத்து இலை, குரங்கு போட்டது எல்லாம் உள்ளே போகும். இரண்டு வருடப் பாட்டு அன்றே நின்றுவிடும். வால்வில் கை வைத்தேன். சும்மா பார்ப்போமே என்று ஒரு டம்ளர் பிடித்தேன், டீ நிறம். அடுத்தது பழுப்பு. அதற்கடுத்தது லேசாக வெளுத்தது. அதோடு நான் கெட்டேன். குடையை எறிந்துவிட்டு அடுத்த டம்ளர், அதற்கடுத்தது. டம்ளரின் அந்தப் பக்கம் என் விரல் ரேகையே தெரிந்தபோதுதான் திருப்பினேன். தொட்டிக்குள் தண்ணீர் விழுந்த சத்தம் இருக்கிறதே, ஆகாய கங்கையையே குழாயில் இறக்கியவன்போல நனைந்து நின்றேன்.

மறுநாள் காலை வீட்டுக்காரி ஒரு வாய் காபி குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"மல்லிகா, இன்னைக்குக் காபி தனி ருசியா இருக்குடி."

"நேத்துப் பிடிச்ச தண்ணி மதினி" என்றான் சகலை, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உங்க கைராசி, வேற யாருக்கு வரும்" என்றாள் அவள்.

நான் வாயைத் திறந்தேன். மல்லிகா அதில் ஒரு இட்லி அளவுக்கு இடம் இருப்பதாக நினைத்து, தட்டில் இன்னொன்று வைத்தாள்.

போகிறவர்கள் கவனத்துக்கு: சொந்த வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை, சோதனைச்சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். நிரம்பிய கேன்களுக்குக் கண்டக்டர் லக்கேஜ் போடுவார். வீட்டில் மழைநீர் பிடிக்க நினைத்தால் மாடியைப் பெருக்குங்கள், முதல் மழையை வெளியே விடுங்கள், குழாய் வாயில் வலை கட்டுங்கள்.

திரும்பி வந்த வாரமே பிளம்பரைப் பிடித்தேன். மாடியிலிருந்து குழாய், ஆயிரம் லிட்டர் தொட்டி, சகலையிடம் இருப்பதைவிடப் பெரிய வால்வு. புது டம்ளரும் தயார். இன்று காலை சகலை போன் செய்தான்.

"இங்க முந்தாநாள்லேருந்து ஊத்துதுண்ணே. தொட்டி வழிஞ்சு கெடக்கு. அங்க எப்படி?"

"இங்கயும் விடாமப் பெய்யிது" என்றேன். மாடியில், என் புதுக் குழாய்க்குப் பக்கத்தில், வீட்டுக்காரி வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.