கதவுக்குப் பின்னால் இருந்த போர்டு

திருமணப் பதிவு அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் அவர். எனக்குத் தட்டச்சு, அவருக்குப் பதிவேடு. காலையில் வழிபாட்டுக் கூடத்தில் முதல் வரிசையில் நிற்காமல் ஒரு நாளும் வேலைக்கு வந்ததில்லை. அதனால் எங்களுக்கு அவர் ‘சாமியார்’. “அண்ணே, எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டீங்களா?” என்று நான் சீண்டினால், “உனக்கு வேண்டிக்கணும்னா தனியா லீவு போடணும் தங்கச்சி” என்பார்.

புதிதாக வந்த அதிகாரி ஒருநாள் அலுவலகச் சுவரில் சாமி படம் மாட்டினார். அண்ணனுக்கு மனம் குளிரும் என்று நினைத்தோம். அவரோ நேராகப் போய் அதைக் கழற்றச் சொன்னார்.

“உங்க சாமிதானேய்யா இது?”

“எங்க சாமிதான் சார். அதனாலதான் நான் சொல்றேன். அந்த பெஞ்சுல உக்கார்ற எல்லாருக்கும் இது சாமி இல்ல.”

பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான்காம் நாள் படம் அண்ணன் வீட்டுச் சுவருக்குப் போய்விட்டது.

வேறு வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் எங்களிடம் விண்ணப்பித்தால், அவர்கள் பெயரையும் முகவரியையும் முப்பது நாள் போர்டில் ஒட்டிவைக்க வேண்டும். அது சட்டம். கண்ணில் படும் இடம் என்பதற்கு மேல், போர்டை எந்தச் சுவரில் மாட்டுவது என்று சட்டத்தில் இல்லை. அண்ணன் அதை வாசல் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அலுவலக நேரம் முழுக்கக் கதவு விரியத் திறந்திருக்கும், போர்டு மறைந்துகொள்ளும். ஏன் என்று கேட்டதற்கு, “சட்டத்துக்கும் சரி, பிள்ளைங்களுக்கும் சரி” என்றார். ஆக, கதவு திறந்திருப்பதன் காரணம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஒரு நர்ஸும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் வந்தார்கள். அவள் அண்ணனின் மதம், அவன் வேறு.

“வீட்ல தெரிஞ்சா என்னை விடமாட்டாங்க சார்” என்றாள் அவள்.

“முப்பது நாள் பொறுத்துக்கம்மா. மத்ததை இந்தக் கதவு பாத்துக்கும்.”

வாரம் ஒருமுறை ஃபோன் செய்து இன்னும் எத்தனை நாள் என்று கேட்பாள். அண்ணன் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்.

இருபத்தாறாம் நாள் அண்ணன் பல் பிடுங்கப் போயிருந்தார். அன்றைக்கென்று பார்த்து ஒரே காற்று. அடித்துவைத்த தாள்கள் அறையெங்கும் பறந்தன. மூன்று முறை குனிந்து பொறுக்கினேன். நான்காம் முறை எரிச்சலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

விண்ணப்பப் படிவம் கேட்டு இரண்டு பேர் கதவைத் தள்ளி வந்து திரும்பச் சாத்தினார்கள், நல்ல மரியாதையான ஆட்கள். நான் படிவத்தைத் தேடி எடுப்பதற்குள் ஒருவர் போர்டுக்கு நேராக ஃபோனைப் பிடித்திருந்தார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். “ரொம்ப நன்றிம்மா” என்று சொல்லிவிட்டு அந்த வழியாகவே போனார்கள்.

முப்பத்தோராம் நாள் மெக்கானிக் மட்டும் வந்தான். புதுச் சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. அவள் ஃபோன் எடுக்கவில்லை. அப்பாவும் அண்ணன்மாரும் வந்து அழைத்துப் போய்விட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் பதிவேட்டைத் திறந்துவைத்து ஆறு மணிவரை அவனோடு உட்கார்ந்திருந்தார். அவன் போன பிறகு, எழுதியே ஆகவேண்டிய அந்தக் கட்டத்தில் எழுதினார்: ‘ஆட்சேபணை: இல்லை.’ அது உண்மைதான். ஒருவரும் எழுத்தில் தரவில்லையே.

மறுவாரம் வேலைக்கு வந்தவர் உட்காரவே இல்லை. என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“கூடத்துல ரெண்டு பேர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க தங்கச்சி. ‘நம்ம பொண்ணைக் காப்பாத்திட்டோம்ணே, உங்க ஆபீஸ் போர்டுலதான் பாத்தோம்’னாங்க. பத்து வருஷமா என் பக்கத்துல நின்னு கும்புடுறவங்க.” கதவைத் திரும்பிப் பார்த்தார். “கதவு எப்படி சாத்திக்கிச்சு?”

“காத்துண்ணே” என்றேன்.

நம்பிவிட்டார். என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தெரியாது. அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு செங்கல் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தார். அதன் பிறகு அவர் கூடத்துக்குப் போகவே இல்லை. எங்களுக்கு முன்னால் வந்து, பூட்டிய அலுவலகத்தின் படியில் உட்கார்ந்திருப்பார். நாங்களும் சாமியார் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டோம்.

ஓய்வு பெற்ற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தார்.

“அந்தச் செங்கல்லை மட்டும் எடுத்துடாத தங்கச்சி. காத்தை நம்ப முடியாது.”